வாசலில் விட்டுச் செல்லும் செல்போன்

(சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நம் வாசகர்களுக்காகச் சற்று விரிவாக்கப்பட்டுள்ளது.)



 

‘செல்போனைப் பத்திப் பேசுங்க டீச்சர்’ என்று சொன்னார்கள். பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள் என்று குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். இன்றைக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. என்னைப் பற்றியும் என் போனைப் பற்றியும்தான் பேசப்போகிறேன். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அது உங்களுக்கும் நடக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் பட்டன் போன்தான். பேசுவதற்கும் எப்போதாவது மெசேஜ் அனுப்புவதற்கும் மட்டும். 2017-ல் விழுப்புரம் மாவட்டம் கந்தாடு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகன், தன் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசும் வீடியோக்களை பேஸ்புக்கில் போட்டார். தன் நகையை விற்று வகுப்பறையை மாற்றியவர் அவர். அந்த வீடியோக்களைப் பார்த்த பிறகுதான் ‘போனில் இப்படியும் செய்யலாமா?’ என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆர்வத்தில் ஸ்மார்ட்போன் வாங்கினேன்.

2018-ல் நம் மாநிலத்தில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் கியூஆர் கோடு. போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பாடப்புத்தகத்தில் இந்தக் கட்டத்தை ஒட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் மகாராஷ்டிரா சோலாப்பூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், ரஞ்சித்சிங் திசாலே. 2020-ல் அவருக்கு உலகளாவிய ஆசிரியர் விருது கிடைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியைத் தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களுக்கே பிரித்துக் கொடுத்தார். நம்மைப் போன்ற ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் இருந்து போனவர் அவர்.

பிறகு கொரோனா வந்தது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போதுதான் வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடமானது. நான் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவேன். வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பாவிடம் இருக்கும். பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் பதில் அனுப்புவார்கள். ‘ஏன் காலையிலேயே அனுப்பலை?’ என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கத் தெரிந்த எனக்கு, யோசிக்கத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம், நாற்பது அழைப்பு

இந்த ஊரில் பயர் ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மருந்து இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறிக்கும் இடம் கொடுக்கக் கூடாது. அதனால் ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. சிலர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்கள். சிலர் வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். அது உங்கள் உயிரைக் காக்கிற விதி. அதில் ஒரு மாற்றமும் வேண்டியதில்லை. ஆனால், காலை ஒன்பது மணிக்கு நான் அனுப்புகிற மெசேஜ் உங்கள் கண்ணில் படுவது மாலையில்தான் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

அது உறைத்த நாளைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வேலை நாள். காலை பதினொன்றரை மணி இருக்கும். ஐந்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம். ஜன்னல் கதவு லேசாக அதிர்ந்தது. வெளியூர்க்காரர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்தார்கள். யாரும் பேசவில்லை.

நான் போனை எடுத்தேன். உள்ளூர்க் குழு ஒன்றில் அதற்குள் செய்தி வந்துவிட்டது. ஒரு ஆபீஸ் பெயரைப் போட்டு, ‘அங்கே வெடி விபத்து, நிறையப் பேர் மாட்டிக்கிட்டாங்க’ என்று இருந்தது. யார் எழுதியது என்று தெரியாது. ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்று மேலே குறிப்பு மட்டும் இருந்தது. நான் அதை அப்படியே எங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டேன். கீழே, ‘யார் வீட்டில் இங்கே வேலை பார்க்கிறார்கள்? உடனே தகவல் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் ஒரு பாட்டி பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். என் வகுப்புப் பிள்ளையின் பாட்டி. அவர் மகள், அதாவது அந்தப் பிள்ளையின் அம்மா, நான் பெயர் போட்ட அதே ஆபீசில்தான் வேலை. பாட்டி அழுகிறார், பிள்ளை அழுகிறாள். அம்மா போனுக்கு அடிக்கிறோம். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தோம். பாட்டி ஒரு ஆட்டோ பிடித்துச் சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை. ‘டீச்சர், இன்னொரு தடவை அடிங்க’ என்று மட்டும் சொல்வாள். நானும் அடிப்பேன். மூன்று மணி நேரத்தில் நாற்பது தடவையாவது அடித்திருப்பேன்.

போன் ஆலை வாசலில் இருந்தது. அம்மா உள்ளே வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து அங்கே நடக்கவே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, வேறொரு இடத்தில் நடந்திருந்தது.

மாலையில் அந்த அம்மா வந்தார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விவரம் தெரிந்ததும் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

“வேற யாரு போட்டிருந்தாலும் எங்கம்மா நம்பியிருக்காது டீச்சர். நீங்க போட்டதுனாலதான் நம்புச்சு.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொரு விஷயமும் மனசைக் குடைந்தது. தவறான பெயர் பரவியதால், உண்மையில் விபத்து நடந்த இடத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், ‘நம்ம ஆபீஸ் இல்ல’ என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள் அல்லவா? ஒரு வீட்டைக் காரணமில்லாமல் அழவைத்தேன். ஓட வேண்டிய வீட்டை உட்காரவைத்த செய்தியில் எனக்கும் ஒரு கை இருந்தது.

ப்ரூஃப் பார்க்காமல் மிஷின் ஓடுமா?

நம் ஊர் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமல்ல, அச்சுக்கும் பேர் போன ஊர். இங்கே அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பார்ட்டி ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் காலண்டரை மிஷினில் ஏற்றுவீர்களா? மாட்டீர்கள். ஒரு தேதி தப்பாகிப் போனால் ஆயிரக்கணக்கில் தப்பாகும். அத்தனையும் கழிவு. தாளைக் கழிவில் போடலாம். ஒரு பிள்ளையின் மூன்று மணி நேரப் பயத்தை எந்தக் கழிவில் போடுவது?

வதந்தி உயிரையே எடுத்திருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது நினைவிருக்கிறதா? கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் வயதான ஒரு பெண். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊர்க்காரர்கள் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அடித்தவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் அவர்களும் நினைத்தார்கள். அந்த வருடம்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-ல், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. அந்த இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் அது எழுதியவர் யாரென்று தெரியாத செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால் வேடிக்கை பார்க்கவும் வீடியோ எடுக்கவும் ஓடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் அக்கம்பக்கத்தில் இருந்து ஓடிப்போனவர்களும் உண்டு. முதல் வெடியோடு முடிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. வழியை மறித்து நிற்கிற ஒவ்வொரு பைக்கும் ஆம்புலன்சுக்குத் தடை. எடுக்கிற ஒவ்வொரு வீடியோவும் ஏதோ ஒரு வீட்டுக்கு, யாரும் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்வதற்கு முன்னாலேயே போய்ச் சேருகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? புதிய ஆப் எதையும் தேடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அம்மா எங்கே வேலை, அப்பா எங்கே வேலை, அந்த ஆபீசின் அலுவலக நம்பர், பகலில் போன் எடுக்கக்கூடிய இரண்டு சொந்தக்காரர்களின் நம்பர், பிள்ளையின் ரத்தப் பிரிவு. அவ்வளவுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட இப்போது அம்மாவின் போனுக்கு அடிப்பதில்லை. அலுவலக நம்பருக்கு அடித்தால் உள்ளே தகவல் போகிறது. போனால் ஆகாததை அந்த நோட்டு செய்கிறது.

நோட்டை நான் என் மேசையில் பூட்டி வைக்கிறேன். அதைப் படம் எடுத்துக் குழுவில் போட மாட்டேன். உங்கள் நம்பர் ஊருக்குச் சொத்து இல்லை.

நீங்களும் உங்கள் வீட்டில் இதைச் செய்யலாம். வேலைக்குப் போகிற இடத்தின் அலுவலக நம்பரை வீட்டுச் சுவரில், காலண்டருக்குக் கீழே எழுதி ஒட்டுங்கள். சத்தம் கேட்டால் முதலில் அந்த நம்பர். பிறகுதான் வாட்ஸ்அப். உதவி தேவை என்றால் 108, அவசரம் எதற்கும் 112.

வெட்கத்தில் போன இரண்டு நாள்

இரண்டாவது சம்பவம். இது ஒரு அப்பாவுக்கு நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு போன். ‘உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, கல்வித் துறையில இருந்து பேசுறோம்’ என்று சுத்தமான தமிழில் பேசியிருக்கிறார்கள். பொண்ணு பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. ‘இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்’ என்றார்கள். போட்டார். 7,500 ரூபாய் போனது. ஒரு வாரக் கூலியையும் தாண்டிய பணம்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ‘படிச்ச பொண்ணோட அப்பா இப்படி ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்க டீச்சர்’ என்று இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள்தான் என்னிடம் வந்தார். 1930-க்குப் பேசினோம், புகார் பதிவானது. ஆனால், பணம் அதற்குள் கைமாறிப் போய்விட்டது. திரும்ப வரவில்லை.

1930 எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். நீங்கள் புகார் சொன்னதும் அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். ஏமாற்றுகிறவர்கள் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். பேசும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை நான்கு: போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண், உங்கள் வங்கி அல்லது ஆப் பெயர். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம்.

இன்னொரு விஷயத்தை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும். ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அல்ல.

அரசு உதவி எப்படி வரும்? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது அல்லவா? மாணவர் படிக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். பணம் நேராக அவர்களுடைய வங்கிக் கணக்குக்கு வரும். யாரும் போனில் கூப்பிட்டு கியூஆர் கோடு அனுப்ப மாட்டார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம் இருக்கிறது. நீங்களே போனில் விண்ணப்பிப்பதானால், இணைய முகவரி ‘டாட் டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கூடம் தொடர்பாக 14417, மற்ற அரசு சேவை, குறை எதற்கும் 1100. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

முக்கியமாக, ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாம் சிரிப்போம் என்ற பயத்தில்தான் அந்த அப்பாவுக்கு இரண்டு நாள் போனது.

பிள்ளையின் முகம் யாருடையது?

மூன்றாவது என் ஆசையைப் பற்றியது. வகுப்பில் நடப்பதையெல்லாம் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்திருந்தேன். லைக் வரும், சந்தோஷமாக இருக்கும். ஒரு பையன் முதல் முறையாக எழுத்துக் கூட்டிப் படித்ததைப் போட்டேன். எனக்கு அது பெரிய வெற்றி. ‘அஞ்சாவது படிக்கிறவனுக்கு இப்பத்தான் எழுத்தே தெரியுதா?’ என்று கீழே ஒருவர் எழுதினார். தெருவில் பையன்கள் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்தார்கள். அவன் மறுபடி வாய் திறந்து படிக்க ஒரு மாதம் ஆனது. வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் அவன் மனசில் ஏறியதை எடுக்க முடியவில்லை.

2023-ல் நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயது ஆகாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. நான் சட்டம் வரும் வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பையனிடமே கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிறேன். பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் போடுவதில்லை. அம்மா சரி என்று சொல்லி, பிள்ளை வேண்டாம் என்றாலும் போடுவதில்லை.

என் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி என் மகன் ஏதோ சொல்ல வந்தான். நான் ‘ம்... ம்...’ என்று போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் கேட்டான்: “ஸ்கூல்ல பிள்ளைங்க பேசுனா மட்டும் போனைக் கீழ வச்சிட்டுக் கேப்பீங்களாம்மா?” அன்றிலிருந்து எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை வீட்டில் எல்லார் போனும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். என் போன்தான் முதலில் ஏறும். பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் நாம் ஏற்ற வேண்டும், அப்போதுதான் அவர்கள் கேட்பார்கள்.

நீங்கள் பகல் முழுக்கப் போன் இல்லாமல் இருக்கிறவர்கள். வேலை நேரத்தில் போன் இல்லாமல் இருப்பது எப்படி என்று ஊருக்கே சொல்லித்தரலாம். மாலையில் வாசலில் போனை வாங்கியதும் வந்து குவிந்திருக்கும் மெசேஜ்களை எல்லாம் ஒரே மூச்சில் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒன்றைப் படியுங்கள், யார் எழுதியது என்று பாருங்கள், அவரிடமே கேளுங்கள். தெரியாவிட்டால் உங்களோடு நிற்கட்டும்.

நானும் நம் குழுவில் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். பள்ளிச் செய்தி மட்டும்தான் போடுவேன். எழுத்தைவிடக் குரலில் போடுவேன், படிக்கச் சிரமப்படுகிற பாட்டிகளும் கேட்கலாம். மாலை ஏழு மணிக்குப் போடுவேன், அப்போதுதான் உங்கள் கையில் போன் இருக்கும். ‘டீச்சர் போட்டா சரியா இருக்கும்’ என்ற அந்த நம்பிக்கையை ஒரு முறை வீணாக்கிவிட்டேன். மறுபடி சம்பாதித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை இப்போது ஏழாவது படிக்கிறாள். வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி என் வகுப்பில் இருக்கிறான். போன வாரம் அவனைக் கூப்பிட வந்தவள், வாசலிலேயே நின்று சொன்னாள்:

“டீச்சர், அம்மா வேற ஆபீசுக்கு மாறிருச்சு. புது நம்பர் கொண்டு வந்திருக்கேன். நோட்டுல மாத்திக்கோங்க.”

மாற்றி எழுதினேன். அவள் நோட்டை எட்டிப் பார்த்து, நம்பரை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போனாள்.